ஆடாமல் அசையாமல் ஒரு தரை

உலகத்தில் வீட்டு வேலைக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூப்பிடலாம், கூப்பிடலாம் என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு வகையினராலும் குடும்பத்துக்குப் பெரிய சேதம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. இங்கே சொல்ல வந்தது மூன்றாவது இனத்தைப் பற்றி. குழாய் சொட்டினால் முகம் மலர்கிற இனம் அது; மின்விசிறி கிரீச்சிட்டால், எங்கே பக்கத்து வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியனின் எண்ணைக் கொடுத்துவிடப் போகிறாரோ என்று பதறி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஸ்டூலைத் தேடி ஓடுகிற இனம். "இதுக்குப் போயி ஆளா?" என்று ஒருமுறையாவது கேட்காமல் இவர்களுக்குப் பொழுது சாயாது. தானே செய்வார் என்று இவர்களுக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். இந்த இனத்தில் பெண்கள் அபூர்வம். அவர்களுக்கு வீட்டில் நிஜமாகவே வேலை இருக்கிறது.

தானே செய்வாரைக் கண்டுபிடிப்பது சுலபம். அவர் வீட்டில் ஏழு திருப்புளிகள் இருக்கும். வேண்டிய சைஸில் ஒன்று மட்டும் இருக்காது. எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசியில் ஒரு திருகாணி மிச்சம் விழும். அதைப் பார்த்து அவர் கவலைப்படுவாரா? மாட்டார். "கம்பெனிக்காரன் ஒண்ணு சேர்த்துப் போட்டிருக்கான்" என்று மகிழ்ந்து, அதை ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேளுங்கள். இரண்டு மணி நேரம் என்பார். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்றுவதும் இரண்டு மணி நேரம், குளியலறையையே இடித்துக் கட்டுவதும் இரண்டு மணி நேரம். இதை எழுதுகிறவர் வீட்டில் சமையலறை சுவிட்சைப் போட்டால் கழிவறை விளக்கு எரிகிறது. அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

பொதுவாகவே சொல்லிக்கொண்டு போனால் யாருக்கும் உறைக்காது. ஒருவரைப் பிடித்து நிறுத்திக் காட்டிவிடுவது நல்லது. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் சாக்லேட்டும் தைலமும், அந்தந்தப் பருவத்தில் பேரிக்காயும் பிளம்ஸும் விற்கிற சம்சுல் ஆலத்தை எடுத்துக்கொள்வோம். வயது அறுபத்தொன்று. நல்ல மனிதர். தானே செய்வார்கள் எல்லாருமே நல்ல மனிதர்கள்தான், சிக்கலே அதில்தான் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷமாகப் பெட்டி கட்டிக் கீழே அனுப்புகிறவர். பெட்டி கட்டுவதில் அவரை மிஞ்ச பஜாரில் ஆள் கிடையாது. மலைப்பாதை வளைவுகளில் லாரிக்காரர் எப்படி ஒடித்துத் திருப்பினாலும், அவர் கட்டிய பெட்டிக்குள் ஒரு பேரிக்காய் இன்னொரு பேரிக்காயை இடிக்காது. அதற்கு அவர் வைத்திருக்கும் சூத்திரம் ஒன்றே ஒன்று: பெட்டியில் சந்து விடக் கூடாது. ஒரு விரல் இடம் காலியாக இருந்தால் வைக்கோலைத் திணி. வைக்கோல் இல்லாவிட்டால் காகிதத்தைத் திணி. அதுவும் இல்லாவிட்டால் இன்னொரு பழத்தை வை. "சந்து விட்டா சரக்கு ஆடும், ஆடுனா அடிபடும்" என்று கடையில் வேலை பார்க்கிறவர்களிடம் தினம் பத்து தடவையாவது சொல்வார். அவர்களும் கேட்டுக்கொள்வார்கள்.

அவர் மனைவி அமீருன்னிசாவுக்கு வலது முழங்கால் தேய்ந்து போய், மார்கழியில் மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. நாயுடுபுரத்தில் அவர்கள் வீடு மேட்டில் இருக்கிறது. மார்கழிக் குளிர் புதுக் காலுக்கு ஆகாது. அதனால் கொஞ்ச நாள் வத்தலக்குண்டில் மகள் ஜஹீரா வீட்டில் இருக்கட்டும் என்று முடிவானது. ஆஸ்பத்திரியிலிருந்து அங்கே போகிற வழியில், காரில் வைத்து அமீருன்னிசா சொன்னார்:

"ஏங்க, நம்ம வீட்டுல எனக்குப் புதுசா ஒண்ணும் வேணாம். வெள்ளனே எந்திரிச்சுக் கால வைக்கையில அந்தத் தரை ஜில்லு எலும்புக்குள்ள ஏறுது பாருங்க, அது மட்டும் இல்லாம இருந்தாப் போதும். இல்லைன்னா நான் ஜஹீரா வீட்டுலயே கெடந்துக்கிறேன்."

கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சம்சுல் ஆலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வத்தலக்குண்டில் வெயில் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், படியே இல்லாத வீடு இருக்கிறது. கொடைக்கானலில் என்ன இருக்கிறது? ஐம்பது வருஷத்துச் சிமெண்டுத் தரையும் அவரும் இருக்கிறார்கள். அன்று தனியாக மலையேறி வந்து, பூட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் காலை வைத்தார். ஜில்லென்று ஏறியது. முப்பத்தாறு வருஷமாக அதே தரையில் நடந்தவர்தான். அன்றைக்குத்தான் அது அவருக்கு உறைத்தது. இந்தத் தரையை மாற்றாவிட்டால் அவள் வரமாட்டாள் என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது.

விடுதிகளில் இப்போதெல்லாம் வினைல் பலகைதான் போடுகிறார்கள். பார்க்க மரம், உண்மையில் பிளாஸ்டிக், அடியில் மெத்தென்று ஒரு நுரை விரிப்பு, ஒரு பலகையின் விளிம்பை இன்னொன்றில் கோத்துத் தட்டினால் பூட்டிக்கொள்ளும், காலுக்கு ஜில்லிடாது. ஊரில் பல விடுதிகளுக்கு அதைப் போட்டவன் மதன். சம்சுல் ஆலம் மதனைக் கூப்பிட்டுக் கூடத்தைக் காட்டினார்.

தானே செய்வார் ஆளைக் கூப்பிடவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களா? கூப்பிடுவார். வேலை கொடுப்பதற்கு அல்ல. எப்படிச் செய்வது என்று கேட்டு வைத்துக்கொள்வதற்கு.

மதன் முட்டி போட்டு உட்கார்ந்து, சுத்தியல் பிடியால் தரையைத் தட்டிப் பார்த்தான்.

"தரை லெவல் பரவால்ல பாய். பலகை வந்ததும் ரெண்டு நாள் இந்த ரூம்லயே போட்டு வச்சிருங்க, நம்ம ஊர் க்ளைமேட்டுக்கு அது செட் ஆகணும். அப்புறம் சுவரோரம் சுத்தி கேப் விட்டுத்தான் போடணும். சூடு பட்டா எக்ஸ்பேண்ட் ஆகும்."

"கேப்பா? பார்க்க அசிங்கமா இருக்குமேப்பா."

"அந்த கேப் மேல சுவரடியில ஸ்கர்ட்டிங் பட்டை அடிச்சிட்டா ஒண்ணும் தெரியாதுங்க."

"சரி. அப்புறம்?"

"அப்புறம் என்ன பாய், நானும் இன்னொருத்தரும் வந்தா ஒரு நாள் சோலி."

சம்சுல் ஆலம் அவனுக்கு இஞ்சி டீயும் ஒரு பாக்கெட் முந்திரி சாக்லேட்டும் கொடுத்து, யோசித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தார். மதன் இறக்கத்தில் இறங்கி முடிப்பதற்குள் அவர் யோசித்து முடித்துவிட்டார். ஒரு நாள் வேலைக்கு ரெண்டு பேரா? இதுல என்ன இருக்கு?

மறுநாள் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் கைப்பேசியில் காணொளிகள் ஓடின. ஒரு வெள்ளைக்காரர், இஸ்திரி கலையாத சட்டையோடு, பதினோரு நிமிஷத்தில் ஒரு பெரிய கூடம் முழுவதும் பலகை பதித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அந்தப் பதினோரு நிமிஷத்துக்காகப் பல மணி நேரத்தை வெட்டி எறிந்திருப்பார்களே என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். தானே செய்வாருக்குத் தோன்றாது. அவர் போட்ட கணக்கு வேறு. அந்த ஆளுக்குப் பதினோரு நிமிஷம்; நாம் புதுசு, அதனால் இரண்டு மணி நேரம்.

பலகைகள் மதுரையிலிருந்து வந்து இறங்கின. கூடவே ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு ரப்பர் சுத்தியல், பலகை விளிம்பில் வைத்துத் தட்டுவதற்கு ஒரு தட்டுகட்டை, அவற்றைச் சுற்றிலும் நாற்பது சின்னச் சின்ன பிளாஸ்டிக் ஆப்புகள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விழுவதற்காக வைக்கிற ஆப்புகள் அவை. வேறு யார் அந்தப் பெட்டியைத் திறந்திருந்தாலும், இது எதற்கு என்று ஒரு நிமிஷமாவது குழம்பியிருப்பார்கள். சம்சுல் ஆலம் குழம்பவில்லை. முப்பத்தைந்து வருஷ அனுபவத்தில் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. சுத்தியல் ஆடாமல் இருக்கத்தானே இதை அடைத்து அனுப்பியிருக்கிறான்? ஒரே ஒரு சுத்தியலுக்கு நாற்பது அடைப்பு. தொழில் தெரிந்தவன் எங்கே இருந்தாலும் தொழில் தெரிந்தவன்தான் என்று நெகிழ்ந்துபோனார். அவ்வளவு நல்ல அடைப்பை வீணாக்க மனமில்லாமல் கடைக்கு எடுத்துப் போய், அன்று மதுரைக்குப் போன சாக்லேட் பெட்டிகளின் மூலைகளில் திணித்து அனுப்பினார்.

பலகையை இரண்டு நாள் கூடத்திலேயே போட்டு வைத்தார். அதில் குறை சொல்ல முடியாது. அந்த இரண்டு நாளும் கொடைக்கானலில் பல் கிட்டும் குளிர். ஏரியே தெரியாத மூட்டம். பலகைகள் அந்தக் குளிருக்கு நன்றாகவே பழகிச் சுருங்கிக் கிடந்தன. மூன்றாம் நாள் காலையில் கம்பளிக் குல்லாயோடு உட்கார்ந்தார். மதன் சொன்ன 'கேப்' நினைவில் இல்லாமல் இல்லை. முதல் வரிசையைச் சுவரிலிருந்து ஒரு விரல் தள்ளித்தான் வைத்தார். வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சந்து ஓடியது. உட்கார்ந்து பார்த்தார். அப்போதும் ஓடியது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார். ஒரு மனிதன் தன் வாழ்நாள் முழுவதும் எதை அடைத்துக்கொண்டு வந்தானோ, அதையே தன் வீட்டுக் கூடத்தில் நான்கு பக்கமும் தன் கையாலேயே விட வேண்டும் என்றால் எப்படி விடுவான்? "அவன் சொல்றது கீழ இருக்கிற ஊர் வெயிலுக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மதன் பிறந்து வளர்ந்து பலகை போடுவதெல்லாம் கொடைக்கானலில்தான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் சுத்தியலை எடுத்தார். முதல் வரிசை போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அவருக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

இரண்டு மணி நேர வேலை ஆறு நாள் நடந்தது. நிலைக்கட்டை வரும் இடத்தில் பலகையை மூலை தட்டி வெட்ட வேண்டும். முதல் பலகையை இடப்பக்கம் வெட்ட வேண்டியதை வலப்பக்கம் வெட்டினார். இரண்டாவதைச் சரியாக வெட்டினார், தலைகீழாக. மூன்றாவது, அளவு சரி, பக்கம் சரி, எடுத்து வைக்கும்போது முழங்கால் பட்டு ஒடிந்தது. தானே செய்வார் தவறு செய்யமாட்டார் என்பதால், தவறுகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. வீட்டு வேலைக்கு வருகிற குஞ்சம்மாள் விளக்குமாற்றோடு குனிந்தவள் அப்படியே நின்றாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் பெற்றோரோடு வந்தவள். பேச்சில் இன்னும் அந்த மண் ஒட்டியிருக்கும்.

"ஐயா, கட்டிலுக்கடியில கூட்ட ஏலாது. பலகைத் துண்டா நெறஞ்சு கெடக்கு."

"அது சாம்பிள், குஞ்சம்மா."

"இவ்ளோ சாம்பிளா?"

"பெரிய கம்பெனி."

குஞ்சம்மாள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அமீருன்னிசாவிடம் இருபது வருஷம் வேலை பார்த்ததில், எந்த இடத்தில் கேள்வியை நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆறாம் நாள் மாலைக்குள் கடைசி வரிசையும் இறங்கியது. அது சும்மா இறங்கவில்லை; சுத்தியலால் அடித்து, காலால் உந்தி, பழப்பெட்டியின் மூடியை இறக்குகிற மாதிரி இறக்கினார். நான்கு சுவருக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைய இடமில்லை. சுற்றிலும் ஸ்கர்ட்டிங் பட்டையைப் பசை வைத்து ஒட்டினார். தரை உயர்ந்துவிட்டதால் வாசற்கதவு உரசியது. அதன் அடியை இழைத்தார். அதுவும் அளவோடு, கீழே பனிக்காற்று நுழையாதபடி, மயிரிழை மட்டும் விட்டு. பிறகு காலுறையைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். ஜில்லிடவில்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தார்; திரும்பவும் நடந்தார். எந்த இடத்திலும் ஜில்லிடவில்லை. அமீருன்னிசாவை அப்போதே போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. அவள் வந்து காலை வைக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். "வா அமீரு, கால வச்சுப் பாரு" என்று சொல்ல வேண்டும். அதைக் கடைக்குப் போகிற வழியிலெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. ஆனால் தானே செய்வார், செய்து முடித்த பிறகுதான் முழு உருவத்தைக் காட்டுவார். மற்றவர்கள் போட்ட தரையில் நாம் நடக்கிறோம். நாமே போட்ட தரையை நாம் காவல் காக்கிறோம். மனைவி வர இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அந்த ஐந்து வாரத்தில் அந்த வீட்டில் என்னென்ன சட்டங்கள் வந்தன என்று கேளுங்கள். துடைக்கிற துணியை மூன்று தடவை பிழிய வேண்டும். மூன்றாவது தடவை சம்சுல் ஆலம் வாங்கிப் பார்ப்பார். பினாயில் கூடாது. தென்னை விளக்குமாறு வாசலைத் தாண்டக் கூடாது. நாற்காலியை இழுக்கக் கூடாது, தூக்கி வைக்க வேண்டும். நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஒட்ட மெத்துத்துணி வேண்டும் என்று காணொளியில் சொன்னார்கள் என்பதற்காக, இருபது வருஷமாகத் தலையில் போட்டுக்கொண்டிருந்த கம்பளிக் குல்லாயை வட்டவட்டமாக வெட்டி ஒட்டினார். நாற்காலிகள் கதகதப்பாக இருந்தன. அவருக்குக் காதடைப்பு வந்தது.

பார்க்க வருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். "உள்ள வாங்க, நடந்து பாருங்க" என்பார். கால் எடுத்து வைப்பதற்குள் "செருப்பு" என்பார். செருப்பைக் கழற்றினால் "மிதியடியில ஒரு தடவை" என்பார். மிதியடியில் துடைத்துவிட்டு வந்தால் "இன்னொரு தடவை" என்பார். பிறகு ஒரு கரண்டி டீயைத் தரையில் ஊற்றிக் காட்டுவார். "பாருங்க, தண்ணி எறங்காது. ஒண்ணும் ஆகாது. பாருங்க, பாருங்க." எல்லாரும் பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போது யார் கிளாஸிலிருந்தாவது ஒரு சொட்டு தானாகச் சிந்திவிட்டால் போச்சு; தோளில் கிடக்கிற துணியோடு பாய்ந்துவிடுவார். தான் ஊற்றின டீக்கும் விருந்தாளி சிந்தின டீக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவரும் கேட்கவில்லை. டீ குடித்துவிட்டு மெதுவாகக் கிளம்பிவிட்டார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு அதிகமாக யாரும் வருவதில்லை. குஞ்சம்மாள் கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகவே போய் வந்தாள். சம்சுல் ஆலமே ஓரமாக, சுவரைப் பிடித்தபடிதான் நடந்தார்.

மாசியில் ஒரு வியாழக்கிழமை அமீருன்னிசா வருவதாக ஏற்பாடு. அன்று வெள்ளனே எழுந்து, வீடு வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று வீட்டு ஹீட்டரோடு கடை ஹீட்டரையும் கொண்டுவந்து கூடத்தில் போட்டார். ஜன்னலையெல்லாம் அடைத்தார். போதாததற்கு அன்று பார்த்து வெயில் வந்தது. கண்ணாடி ஜன்னல் வழியாகக் கூடம் முழுவதும் விழுந்தது. குளிரில் சுருங்கிக் கிடந்த பலகைகளுக்கு முதல் தடவையாகச் சூடு பட்டது. அவை கொஞ்சம் விரிந்து உட்கார நினைத்தன. எங்கே போய் விரியும்?

பதினோரு மணிக்கு வாசற்கதவுக்குப் பக்கத்தில் காலுக்கு லேசாக மேடு தட்டியது. "நல்ல மெத்துமெத்துன்னு இருக்கு" என்று நினைத்துக்கொண்டார். பன்னிரண்டு மணிக்கு மேடு கண்ணுக்கே தெரிந்தது. காலால் அழுத்தினார், அழுத்திய இடம் இறங்கி அடுத்த இடம் எழும்பியது. அங்கே அழுத்தினார், பழைய இடம் எழும்பியது. சாக்லேட் பெட்டிகளைக் கொண்டுவந்து மேலே அடுக்கினார். பெட்டிகளோடு சேர்ந்து எழும்பியது. அப்போதாவது ஹீட்டரை அணைத்தாரா என்று கேட்கிறீர்கள். அவள் வரும்போது வீடு குளிர்ந்து கிடக்கலாமா?

இரண்டரை மணிக்குக் காரின் ஹாரன் கேட்டது. அதற்குள் மூட்டம் ஏறி, வெயில் போய், தூறல் தொடங்கியிருந்தது. சம்சுல் ஆலம் பெட்டிகளை அவசரமாக நகர்த்திவிட்டுக் கதவைத் திறக்கப் போனார். உள்பக்கம் திறக்கிற கதவு. இழுத்தார். மேட்டில் முட்டி நின்றுவிட்டது. ஒரு விரல்கூட வரவில்லை.

"அத்தா, கதவைத் தொறங்க. அம்மா நிக்கிறாங்க" என்றாள் ஜஹீரா வெளியிலிருந்து.

"இதோம்மா. ரெண்டே நிமிஷம்."

தானே செய்வாரின் இரண்டு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவின் கீழே திருப்புளியை விட்டு நெம்பினார். உட்கார்ந்து தள்ளினார். மேட்டின் மேல் ஏறி நின்றுகொண்டே கதவை இழுத்தார். அவரே ஏறி நின்றால் கதவு எப்படி வரும் என்பது மூன்றாவது தடவைதான் புரிந்தது. பின்வாசல் இருக்கிறது, ஆனால் அதற்குக் கைப்பிடியில்லாத ஒன்பது கல்படிகள், படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குஞ்சம்மாள் அந்தப் படிகளில் இறங்கி ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முன்னால் கொண்டுபோய்ப் போட்டாள். நாற்காலி தாழ்வாக இருந்ததால் அமீருன்னிசாவால் உட்கார முடியவில்லை; ரெண்டே நிமிஷம் என்றதை நம்பிக் காரிலும் திரும்ப ஏறவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஜஹீரா பிடித்த குடைக்குக் கீழே நின்றார். ஜன்னல் வழியாகக் கணவர் கையில் சுத்தியலோடு இங்கும் அங்கும் ஓடுவது அவருக்குத் தெரிந்தது.

"என்னங்க பண்றீங்க உள்ள?"

"ஒண்ணுமில்ல அமீரு. கதவு சின்னதா மக்கர் பண்ணுது."

"கால் கடுக்குதுங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் சம்சுல் ஆலத்தை ஏதோ செய்தது. சுத்தியலைக் கீழே வைத்தார். அந்த இனத்தில் யாரும் லேசில் உச்சரிக்காத இரண்டு சொற்களை ஜன்னல் கண்ணாடிக்கு அருகே வந்து உச்சரித்தார்.

"மதனைக் கூப்பிடு."

மதன் பைக்கில் வந்து, பின்வாசல் வழியாக ஏறி, கூடத்தைப் பார்த்தான். மேட்டைப் பார்த்தான். ஹீட்டர்களைப் பார்த்து, முதல் வேலையாக இரண்டையும் அணைத்தான். பிறகு கதவுக்கு எதிர்ச் சுவரோரம் ஸ்கர்ட்டிங் பட்டையை நெம்பி எடுத்தான்.

"சுவரோட ஒட்டிப் போட்டிருக்கீங்களே பாய். ஆப்பு வந்திருக்குமே பெட்டியில, ஓரத்துல வைக்கிறதுக்கு?"

சம்சுல் ஆலம் நெம்பி எடுத்த பட்டையை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"மதுரைக்கு அனுப்பிட்டேன்" என்றார்.

மதன் போய் பைக்கிலிருந்து பையை எடுத்து வந்தான். கையில் அடங்குகிற ஒரு வெட்டு மெஷினை எடுத்து, பலகையின் ஓரத்தைச் சுவர் நெடுக ஒரு பட்டையாக வெட்டி எடுத்தான். வாசலண்டை நின்று காலால் மெல்ல அழுத்தினான். எதிர்ப்பக்கம் இடம் கிடைத்த தரை அப்படியே நகர்ந்து படிந்தது. கதவு திறந்தது. மொத்தம் முக்கால் மணி நேரம்.

வாசலில் அமீருன்னிசா நின்றார். இளைத்திருந்தார், தலைத்துணியின் ஓரம் தூறலில் நனைந்திருந்தது. சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் சம்சுல் ஆலத்தின் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கண் என்ன செய்தது தெரியுமா? மனைவியின் முகத்துக்குப் போகவில்லை. நேரே கீழே போனது. வாக்கரின் நான்கு ரப்பர்க் கால்களிலும் செம்மண் சேறு அப்பியிருந்தது.

"அங்கேயே நில்லு அமீரு. கால்ல ஈரம்."

மதன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஜஹீரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் கையை அழுத்தினார். அமீருன்னிசாவுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. பளபளவென்று கிடந்த தரையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "நீங்க இதைப் பார்த்துக்கங்க. ஜஹீரா, வண்டியத் திருப்பச் சொல்லும்மா."

வாக்கரைத் தூக்கித் திருப்பி வைத்தார். ஓர் அடி எடுத்து வைத்தார். இன்னோர் அடி.

சம்சுல் ஆலம் ஓடினார். செருப்பு போடவில்லை; சேற்றிலும் தூறலிலும் வெறுங்காலோடு ஓடி, மனைவிக்கு முன்னால் போய் நின்றார்.

"எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு அமீரு. நீ கீழயே இருந்துருவியோன்னு பயந்துதான் அதைப் போட்டேன். போட்ட பெறகு எதுக்குப் போட்டேங்கிறதே மறந்துபோச்சு."

அமீருன்னிசா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"குல்லா எங்க? காதெல்லாம் செவந்து கெடக்கு."

சம்சுல் ஆலம் காதைத் தடவிக்கொண்டார். நாற்காலிக்குப் போட்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

"கையக் குடுங்க" என்றார் அமீருன்னிசா.

இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். வாக்கர் வைத்த இடமெல்லாம் நான்கு நான்காகச் சேற்றுப் புள்ளி. பக்கத்திலேயே சம்சுல் ஆலத்தின் பாதத் தடங்கள், வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும். அமீருன்னிசா செருப்பைக் கழற்றி, வலது காலை மெதுவாகத் தரையில் வைத்தார். வைத்த காலை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார்.

"ஜில்லு ஏறல" என்றார்.

சம்சுல் ஆலம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த துணி கையில் இருந்தது. சேற்றுத் தடங்கள் எதிரே இருந்தன. கை தானாகக் கீழே போயிற்று.

"இருக்கட்டும். உக்காருங்க" என்றார் அமீருன்னிசா.

உட்கார்ந்தார். குஞ்சம்மாள் டீ கொண்டுவந்தாள். டீ குடித்து முடிக்கிறவரை சேறு காய்ந்துகொண்டிருந்தது, அவர் எழுந்திருக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தார் என்று மதன் பிற்பாடு சொன்னான். ஒரு தடவைதானாம்.

சிரித்தீர்கள், சரி. இப்போது உண்மையைச் சொல்லுங்கள். அந்த அம்மா புதுக் காலோடு தூறலில் நின்ற முக்கால் மணி நேரமும் உங்கள் மனது எங்கே இருந்தது? அவர் காலில் இருந்ததா? இல்லை, சுவரோரம் சரியாக எத்தனை மில்லிமீட்டர் விட்டிருந்தால் தரை எழும்பியிருக்காது, மதன் பலகையைப் பெயர்க்காமலே ஓரத்தை வெட்டினானே அது என்ன மெஷின், அதைத் தபாலில் வரவழைக்க முடியுமா என்பதில் இருந்ததா? பின்னதுதான் என்றால் வெட்கப்பட வேண்டாம். எழுதுகிறவருக்கும் அதுதான் ஓடியது, விசாரித்தும் ஆகிவிட்டது, எட்டு மில்லிமீட்டராம். அளக்கக் கிளம்புவதற்கு முன்னால் ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் வீட்டு வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள்.